பூவைப் பார்க்கும் முன் வெயிலைப் பாருங்கள்

மதுரைப் பக்கம் நர்சரி நடத்துகிறேன். வருகிறவர்களில் பெரும்பாலோர் நிறையப் பூத்திருக்கும் செடியிடம் நேராகப் போய் நின்றுவிடுகிறார்கள். விலை சொல்வதற்கு முன் நான் கேட்பது, "இதை எங்கே வைக்கப் போகிறீர்கள், அங்கே எவ்வளவு நேரம் வெயில் விழும்?" என்பதுதான். பதில் தெரியாதவர்களை, பார்த்துவிட்டு நாளைக்கு வாருங்கள் என்று அனுப்பிவிடுவேன்.

விடுமுறை நாள் ஒன்றில் காலை எட்டு மணிக்கும் உச்சியிலும் மாலை நாலு மணிக்கும் அந்த இடத்தில் போய் நின்று பாருங்கள். ஐந்தாறு மணி நேரம் நேர் வெயில் இருந்தால் மல்லி, ரோஜா, செம்பருத்தி, அரளி, காகிதப்பூ எதுவும் வரும். காலை வெயில் மட்டும் எட்டிப் பார்க்கும் இடம் என்றால் நந்தியாவட்டையும் கனகாம்பரமும் இட்லிப்பூவும் போதும். வெயிலே படாத இடத்தில் பூச்செடி வைத்தால் இலைதான் மிஞ்சும். இன்னொன்றையும் கவனியுங்கள். ஆனி மாதத்தில் நம் ஊரில் உச்சி வெயில் சற்று வடக்கே சாய்ந்திருக்கும், மார்கழியில் நன்றாகத் தெற்கே போய்விடும். ஆனியில் வெளிச்சமாகக் கிடந்த வடக்குச் சுவரோரம் மார்கழியில் நிழலில் மூழ்கிவிடும். "ஆறு மாதம் பூத்தது, பிறகு நின்றுவிட்டது" என்று வருகிறவர்களில் பலருடைய கதை இதுதான்.

அடுத்தது, பூ யாருக்கு என்பது. தலைக்கு என்றால் மல்லியை விட்டு வேறு எதையும் நான் முதலில் சொல்ல மாட்டேன். 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற எங்கள் ஊர்ப் பூ என்பதால் மட்டும் அல்ல. முகூர்த்த நாளில் மாட்டுத்தாவணிச் சந்தையில் கிலோ என்ன விலை போகிறது என்று பார்த்தவர்களுக்கு, கொல்லையில் நிற்கும் ஒரு செடியின் அருமை தெரியும். ராமேசுவரம் பக்கத்துத் தங்கச்சிமடத்திலிருந்து வரும் பதியன் கிடைத்தால் வாங்குங்கள். கார்த்திகை நடுவில் தரையிலிருந்து ஒன்றரை அடி விட்டு எல்லாக் கிளைகளையும் வெட்டிவிட வேண்டும். பலருக்குக் கத்தரியை எடுக்க மனம் வருவதில்லை. ஆனால் மல்லி புதுத் தளிரில்தான் மொக்கு விடும். கவாத்து செய்யாத செடி கொடியாக ஓடும், பூ குறைந்துவிடும். முல்லைக்கு இதே வேலையைத் தை மாதத்தில் செய்யுங்கள்.

சாமிக்கு என்றால் செம்பருத்தி, நந்தியாவட்டை, பவழமல்லி. பவழமல்லி இரவில் மலர்ந்து விடியலில் உதிர்வதால், கீழே விழுந்ததைப் பொறுக்கிப் பூசைக்கு வைப்பது வழக்கம். இது மரமாகிவிடும், தொட்டியில் நெடுநாள் அடங்காது. அரளி உப்புத் தண்ணீரையும் தாங்கும். போர் தண்ணீர் கரிக்கிற வீடுகளுக்கு அதுதான் கைகொடுக்கும். ஆனால் இலை, பூ, தண்டு என்று முழுச் செடியும் நஞ்சு. தவழும் குழந்தையோ ஆடு மாடோ இருக்கும் வீட்டுக்காரர் கேட்டால் நான் அரளி விற்பதில்லை.

மாடியில் பூசணி, பாகல் போட்டிருப்பவர்கள் தேனீக்காகவும் பூ வைக்க வேண்டும். அவர்களுக்கு அடுக்குப்பூ வேண்டாம். இதழ் பெருகிய பூவில் மகரந்தமும் தேனும் எடுக்கத் தேனீக்கு வழி இருக்காது. ஒற்றை அடுக்குத் துலுக்கச் சாமந்தி, துளசி, இவற்றைக் காய்ச்செடிக்கு நடுவே வையுங்கள், பிஞ்சு பிடிப்பதில் வித்தியாசம் தெரியும். தேன்சிட்டு வர வேண்டுமா, செம்பருத்தியும் இட்லிப்பூவும் வையுங்கள். வேலைக்குப் போய் இருட்டிய பிறகு திரும்புகிறவர்களுக்கு அந்திமந்தாரையைத்தான் சொல்வேன். சாயங்காலம் விரியும், விதையிலேயே வந்துவிடும், காசு செலவில்லை.

இனி செடியைத் தேர்ந்தெடுப்பது. விரிந்த பூ நிறைந்த செடியை விட்டுவிட்டு மொக்கு நிறைந்ததை எடுங்கள். விரிந்தது நாலு நாளில் கொட்டிவிடும். இலையைத் திருப்பிப் பாருங்கள். செம்பருத்தியில் நுனித் தளிரின் இடுக்கில் வெள்ளையாகப் பஞ்சு போல ஒட்டியிருந்தால் அது மாவுப்பூச்சி, அந்தச் செடி வீட்டில் உள்ளவற்றையும் கெடுக்கும். மல்லியில் நரம்பு பச்சையாக இருக்க, இடைப்பகுதி வெளுத்திருந்தால் இரும்புச்சத்துக் குறை. லிட்டருக்கு ஐந்து கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட்) கரைத்துத் தெளித்தால் தேறும், அதற்காக ஒதுக்க வேண்டியதில்லை. பையின் அடியைத் தூக்கிப் பாருங்கள். ஓரிரு வெள்ளை வேர் எட்டிப் பார்த்தால் நல்லது. பழுப்பு வேர் சுருண்டு சுருண்டு வெளியே வந்திருந்தால் பையில் அதிக நாள் கிடந்த செடி. தண்டை லேசாக ஆட்டும்போது மண்ணோடு சேர்ந்து அசைய வேண்டும். தண்டு மட்டும் தனியாக ஆடினால் வேர் இன்னும் பிடிக்கவில்லை.

ரோஜாவில் ஒட்டுப் போட்ட முடிச்சைக் காட்டச் சொல்லுங்கள். முடிச்சுக்குக் கீழிருந்து வேகமாகக் கிளம்பும் கிளை, வேருக்காக ஒட்டிய அடிச்செடியுடையது. அதைக் கிள்ளாமல் விட்டால் மேலே இருக்கும் நல்ல ரோஜாவை அமுக்கிவிடும். வாசனை வேண்டுமென்றால் பன்னீர் ரோஜா. பெரிய பூவுக்கு மயங்க வேண்டாம்.

செவ்வந்தியைப் பற்றி ஒரு எச்சரிக்கை. பகல் குறுகி இரவு நீளும்போதுதான் அது மொக்கு விடும். தெருவிளக்கு இரவெல்லாம் விழும் திண்ணையில் வைத்தால் பூ தள்ளிப்போகும், சில சமயம் வரவே வராது.

வாங்கிய அன்றே தொட்டி மாற்ற வேண்டாம். நான்கைந்து நாள் நிழலில் வைத்துத் தண்ணீர் விட்டு, பிறகு ஒரு சாயங்காலத்தில் மாற்றுங்கள். செம்மண் இரண்டு பங்கு, மக்கிய சாணம் ஒரு பங்கு, மணல் ஒரு பங்கு. தொட்டியின் அடி ஓட்டையில் உடைந்த ஓடு ஒன்றை வளைவு மேலாக வைத்து மூடினால் மண் அடைக்காது, தண்ணீரும் தேங்காது.