பூட்டன் எந்த ஊர்? மலையகத்திலிருந்து வேர் தேடுவோருக்கு

பிஜிக்கும் மொரீசியசுக்கும் கப்பலேறிய நம் சனத்துக்கு ஆளுக்கொரு ஒப்பந்தச் சீட்டு இருந்தது. பெயர், தகப்பன் பெயர், கிராமம், உடலில் உள்ள அடையாளம் வரை அதில் எழுதிவைத்தார்கள். இலங்கை மலைத் தோட்டங்களுக்கு வந்தவர்கள், ஊரில் ஆள் திரட்டிக் கூட்டிவந்து வேலை வாங்கிய கங்காணியின் பின்னால் வந்தவர்கள். கோப்பிக் காலத்தில் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளை வரை நடந்தவர்களின் பெயர்களை ஆள்வாரியாக எவரும் எழுதிவைக்கவில்லை. அதனால் கப்பல் பட்டியலைத் தேடிக் காலத்தைக் கழிக்காதீர்கள். உங்களிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு தலைமுறையாகப் பின்னோக்கிப் போக வேண்டும். தோட்டப் பாடசாலையில் படிப்பித்து ஓய்வுபெற்ற நான், என் குடும்பத்தின் வேரை இப்படித்தான் கண்டேன். தலவாக்கலைப் பக்கத்துப் பிள்ளைகள் பலருக்கும் இதே வழியைத்தான் சொல்லிக்கொடுக்கிறேன்.

முதலில் வீட்டுப் பெரியவர்களிடம் உட்காருங்கள். கச்சேரி என்கிற மாவட்ட அரசாங்க அலுவலகம் எங்கும் போய்விடாது, எண்பது வயதுப் பாட்டியின் நினைவு போய்விடும். ஆனால் "நமக்கு எந்த ஊர்?" என்று கேட்டால் "இந்தியா" என்ற ஒரே சொல்லோடு பேச்சு முடிந்துவிடும். வேறு விதமாகக் கேளுங்கள். பிள்ளைகளுக்கு முதல் மொட்டை எந்தச் சாமிக்கு நேர்ந்துகொண்டார்கள்? ஊருக்குப் போனவர்கள் தனுஷ்கோடியில் ரயிலேறி எந்த ஸ்டேஷனில் இறங்கினார்கள்? கடிதம் எந்தத் தபாலுக்குப் போனது? தாய்மாமன் சீர் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது?

என் அப்பத்தாவுக்கு ஊரின் பெயர் மறந்துபோயிருந்தது. மணப்பாறையில் இறங்கி மாட்டுவண்டியில் போனது நினைவிருந்தது. குலதெய்வம் பெரியக்காண்டி என்றும், தோட்டத்தில் பொன்னர் சங்கர் கூத்து நடந்தால் தன் அப்பா விரதம் இருப்பார் என்றும் சொன்னார். பொன்னர் சங்கரும் பெரியக்காண்டி அம்மனும் குடிகொண்ட வீரப்பூர் மணப்பாறைக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. ஒரு ஸ்டேஷனும் ஒரு சாமியும் சேர்ந்ததும், தேட வேண்டிய நிலம் ஒரு மாவட்டத்திலிருந்து சில கிராமங்களாகச் சுருங்கிவிட்டது. மாரியம்மன், மதுரைவீரன், முனியாண்டி என்று மட்டும் பதில் வந்தால் அவசரப்படாதீர்கள். அந்தத் தெய்வங்கள் தமிழ்நாடெங்கும் உண்டு. சாமியோடு சேர்ந்த மலை, ஆறு, சந்தை என்று ஏதாவது நினைவில் இருக்கிறதா என்று மெல்லக் கேளுங்கள்.

சாதிப் பேச்சும் இங்கே வரும். பலர் வாயைத் திறக்கமாட்டார்கள், அதற்குப் போதிய காரணம் உண்டு. வற்புறுத்த வேண்டாம். தமிழ்நாட்டுக் கிராமங்களில் தெருவும் சுடுகாடும் கோயிலும் சாதிவாரியாகப் பிரிந்திருந்ததால், இந்தத் தகவல் தேடலுக்கு உதவும் என்பதை மட்டும் சொல்லிவிட்டு, அவர்களாகச் சொன்னால் குறித்துக்கொள்ளுங்கள். அதை வெளியே பகிர்வது அவர்களின் சம்மதத்தைப் பொறுத்தது.

அடுத்தது வீட்டிலுள்ள தகரப்பெட்டி. பிறப்புச் சான்றிதழ், ஊழியர் சேமலாப நிதிக் கடிதம், தொழிற்சங்கச் சந்தா ரசீது, பழைய கடித உறை என்று ஒன்றையும் ஒதுக்காதீர்கள். தோட்டத்தின் எண்ணும் ஆளின் எண்ணும் குத்திய பழைய தகர வில்லை கிடைத்தால் அது பொக்கிஷம். 1900களின் தொடக்கத்தில் வந்தவர்களை இன்ன தோட்டத்துக்கு என்று அனுப்பியது அந்த வில்லையைப் பார்த்துத்தான். இலங்கைப் பிறப்புச் சான்றிதழில், பாட்டனார் இலங்கையில் பிறந்திருந்தால் அவர் பெயரும் பிறந்த ஆண்டும் இடமும் எழுத ஒரு கட்டம் உண்டு. ஒரே தாளில் மூன்று தலைமுறை கிடைத்துவிடலாம்.

எல்லாவற்றிலும் பெறுமதியானது பிரஜாவுரிமைக் கடதாசி. 1948ஆம் ஆண்டின் சட்டம் நம் சனத்தை நாடற்றவர்களாக்கியது. 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டம், பிரஜையாகப் பதிவு கேட்போர் 1946 ஜனவரி 1க்கு முன் தொடர்ந்து இங்கே வசித்ததை நிரூபிக்கச் சொன்னது. திருமணமானவருக்கு 7 ஆண்டு, ஆகாதவருக்கு 10 ஆண்டு. 1951 ஆகஸ்ட் 5 கடைசி நாள். ஏறத்தாழ 8 இலட்சம் பேருக்காக விண்ணப்பங்கள் போயின. எழுதப் படிக்கத் தெரியாத மனிதர்கள் 1930களில் எந்தத் தோட்டத்தில், எந்தக் கங்காணியிடம் வேலை செய்தார்கள் என்பதற்குத் தோட்ட நிர்வாகியான துரையிடம் கடிதம் வாங்கி அலைந்தார்கள். ஒரே தடவையில் 12 மாதத்துக்கு மேல் நாட்டில் இல்லாவிட்டால் தொடர்ச்சி அறுந்துவிடும் என்பதால், இந்தியா போய்வந்த காலத்தையும் விளக்க வேண்டியிருந்தது. அந்த அநியாயத்தை நினைக்கும்போது இன்றும் எனக்கு நெஞ்சு கொதிக்கிறது. ஆனால் நம் பாட்டன்மாரை வெளியே தள்ளக் கேட்ட அந்த விவரங்கள்தாம் இன்று நம்மை அவர்களிடம் கொண்டுசேர்க்கின்றன. நிராகரிக்கப்பட்ட விண்ணப்பத்தின் பிரதியையும் பத்திரப்படுத்துங்கள். என் பூட்டன் முதலில் வேலை செய்தது டிக்கோயாப் பக்கத்துத் தோட்டத்தில் என்பதை, அப்படி நிராகரிக்கப்பட்ட ஒரு பிரதிதான் எனக்குச் சொன்னது.

வீட்டில் பிரதி இல்லையென்றால், சான்றிதழ் இலக்கத்தைக் குறிப்பிட்டு குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தின் பிரஜாவுரிமைப் பிரிவுக்கு எழுதுங்கள். பதில் வராவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பியுங்கள். தகவல் தருவதா இல்லையா என்பதை 14 வேலை நாட்களுக்குள் தீர்மானித்தாக வேண்டும். அது உங்கள் உரிமை, தயங்க வேண்டாம்.

தோட்ட அலுவலகத்தில் பழைய செக்ரோல், அதாவது தொழிலாளரின் பேர்ப் புத்தகம், இருக்கிறதா என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள், அதிகம் எதிர்பார்க்காதீர்கள். 1972இலும் 1975இலும் தோட்டங்கள் அரசுக்குப் போயின, 1992இல் கம்பனிகளின் நிர்வாகத்துக்கு வந்தன. ஒவ்வொரு கைமாற்றத்திலும் பழைய புத்தகங்கள் அழிந்தன. தோட்டத்தின் ஆங்கிலப் பெயர், நம் சனம் வழங்கும் தமிழ்ப் பெயர், தோட்டத்தின் உட்பிரிவான டிவிசனின் பெயர் மூன்றையும் எழுதிக்கொண்டு போங்கள். ஒரே தோட்டம் இரண்டு பெயரில் இருப்பதாலேயே பலர் வழி தவறிவிடுகிறார்கள். கொழும்பு 7இல் உள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்தில் தோட்டங்களின் விவரங்களைத் தொகுத்த பெர்குசன் டிரெக்டரியின் பழைய பதிப்புகளைப் பார்த்தால், எந்த ஆண்டில் எந்தத் தோட்டம் யாரிடம் இருந்தது என்பது தெரியும்.

மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் பிறப்பு, இறப்புப் பதிவுகளைத் தேடச் சொல்லும்போது பெயரை ஒரே எழுத்துக்கூட்டலில் கொடுக்காதீர்கள். தோட்டத்துப் பிறப்பையும் இறப்பையும் துரைதான் அறிவிக்க வேண்டும், அதனால் வீட்டில் சொன்ன பெயர் அப்படியே பதிவாகாமல் போயிருக்கலாம். லெட்சுமி, லட்சுமி, லெச்சுமி மூன்றும் ஒரே ஆளாக இருக்கலாம், முத்துசாமி வெறும் முத்துவாகிப் போயிருக்கலாம். வயதையும் நம்பிவிடாதீர்கள். தகப்பன் பெயரும் தோட்டமும் பொருந்துகின்றனவா என்று பாருங்கள்.

பழைய தாளில் உள்ள ஜில்லாவை இன்றைய வரைபடத்தில் அப்படியே தேடினால் குழம்பிப்போவீர்கள். திருச்சி ஜில்லா என்று எழுதிய குளித்தலை இன்று கரூர் மாவட்டம். சேலம் ஜில்லாவாக இருந்த நாமக்கல் 1997இல் தனி மாவட்டமானது. தென்னார்க்காடு 1993இல் கடலூர், விழுப்புரம் என்று பிரிந்தது. புதுக்கோட்டை 1948 வரை சமஸ்தானம். தாலுகாவையும் தபால் நிலையத்தையும் பிடித்துக்கொண்டால் கிராமத்தை நெருங்கலாம்.

1964இல் இந்தியாவும் இலங்கையும் செய்த சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட உறவுகளை மறந்துவிடாதீர்கள். நீலகிரியில் கூடலூரிலும் கோத்தகிரியிலும் இருக்கும் நம் சனத்திடம் குடும்ப அட்டையும் பழைய கடவுச்சீட்டும் இருக்கின்றன. இங்கே தொலைந்த பாதிக் கதை அங்கே இருக்கக்கூடும்.

கிராமம் தெரிந்ததும் நேரே வீடு வீடாகப் போகாதீர்கள். குலதெய்வக் கோயில் பூசாரியிடம் போங்கள், முடிந்தால் திருவிழாக் காலத்தில். தலைக்கட்டு வரி, அதாவது குடும்பத்துக்கு இவ்வளவு என்ற வரி, வாங்கும் கோயிலில் பங்காளிகளின் பட்டியல் இருக்கும். சிலோனுக்குப் போன தலைக்கட்டு என்று யாராவது நினைவு வைத்திருப்பார்கள். பங்காளி வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தவுடன், காணியில் பங்கு கேட்டு வரவில்லை என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். அந்தப் பயம் அவர்களுக்கு உண்டு. அது தீர்ந்த பிறகுதான் பேச்சு வரும், பெயர்களும் வரும்.