முட்டாள் கோழியைத் தேடிப் போவது எப்படி? ஸ்புரூஸ் கிரௌஸ் பார்க்க முதல் பாடம்

கனடாவின் ஊசியிலைக் காடுகளில் ஒரு பறவை இருக்கிறது. ஆளைக் கண்டால் பெரும்பாலும் ஓடாது, பறக்காது, அப்படியே நிற்கும். கல்லாலும் கோலாலுமே அடித்து வீழ்த்திவிடலாம் என்பதால் வேட்டைக்காரர்கள் அதற்கு 'முட்டாள் கோழி' என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஸ்புரூஸ் கிரௌஸ் என்பது புத்தகப் பெயர். கிரௌஸ் என்பது கோழியைப் போன்ற காட்டுப் பறவைகளின் பொதுப்பெயர்.

இவ்வளவு சாதுவான பறவையைத் தேடி வருகிறவர்கள் ஏன் நாள் முழுக்கச் சுற்றிவிட்டுப் பார்க்காமலே திரும்புகிறார்கள்? அது நிற்பதால்தான். நம் கண் அசைவைப் பிடித்தே பழகியது. அசையாத பறவை அதற்குப் பாசி படிந்த ஒரு மரக்கட்டை, அவ்வளவுதான். நானும் இரண்டு முறை போய் ஏமாந்தேன். மூன்றாம் முறை அவிழ்ந்த காலணிக் கயிற்றைக் கட்டக் குனிந்து நிமிர்ந்தபோது, இரண்டு முழத்தில் ஒரு சேவல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரமாக நின்றதோ, தெரியாது.

படி 1: பறவையை விட்டுவிட்டு மரத்தைப் பாருங்கள்

அலாஸ்காவிலிருந்து அட்லான்டிக் கரை மாகாணங்கள் வரை இப்பறவை பரவியிருக்கிறது. ஆனால் எல்லாக் காட்டிலும் இராது. கருப்பு ஸ்புரூஸ், ஜாக் பைன், டாமரக் ஆகிய மரங்கள் நிற்கும் இடமாகப் பார்த்துப் போக வேண்டும்.

மரம் தெரியாதவர்களுக்கு ஒரு சுலபமான சோதனை. ஓர் ஊசியிலையைப் பறித்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே உருட்டுங்கள். ஸ்புரூஸ் இலைக்கு நான்கு பட்டைகள் உண்டு என்பதால் எளிதாக உருளும். தட்டையாக இருந்து உருள மறுத்தால் அது ஃபர் மரமாக இருக்கும். இரண்டிரண்டு ஊசிகள் சேர்ந்து ஒரே காம்பிலிருந்து கிளம்பினால் ஜாக் பைன். டாமரக் குளிர்காலத்தில் இலையையெல்லாம் உதிர்த்துவிட்டு மொட்டையாக நிற்கும்.

அடுத்து மரத்தின் அடிப்பகுதியைப் பாருங்கள். கிளைகள் தரையைத் தொடும்படி அடர்ந்திருக்க வேண்டும். முதிர்ந்த மரங்கள் மண்டபத் தூண்கள் போல வெறுமையாக நின்றால் அங்கே நேரத்தைச் செலவிடாதீர்கள்.

முதல் முயற்சிக்கு ஒன்டாரியோவின் அல்கோன்குவின் பூங்காவைச் சொல்வேன். நெடுஞ்சாலை 60-ஐ ஒட்டி 'ஸ்புரூஸ் பாக்' என்ற 1.5 கிலோமீட்டர் சுற்றுப்பாதை இருக்கிறது. சதுப்பின் மேல் பலகை போட்டிருப்பதால் கால் நனையாது. அமெரிக்காவின் நியூயார்க், வெர்மான்ட் மாநிலங்களிலும் இப்பறவை உண்டு என்றாலும், அங்கே அது அழியும் நிலையில் உள்ள இனங்களின் பட்டியலில் இருக்கிறது. தொடக்கக்காரர்கள் அங்கே போய்த் தேட வேண்டாம்.

படி 2: பருவத்தைத் தேர்ந்தெடுங்கள்

என் ஓட்டு ஏப்ரல் கடைசிக்கும் மே மாதத்துக்கும். சேவல் பெட்டையைக் கவர ஆடும் காலம் அது. கிளையிலிருந்து இறக்கையைப் படபடவென அடித்துக்கொண்டு தரைக்கு இறங்கும். பிறகு வாலை நிமிர்த்தி விசிறியாக விரித்து, ஓரடி வைக்கும், நிற்கும், மறுபடி ஓரடி வைக்கும். அடிக்கொரு தரம் வால் இறகுகள் ஒரு பக்கம் விரிய, பட்டுப்புடவை உரசுவது போல ஒரு சரசரப்பு கேட்கும். தொண்டையிலிருந்தும் ஒலி எழுப்பும். அது மிகவும் தாழ்ந்த சுருதி என்பதால் நம் காதுக்கு எட்டுவதே அரிது.

குளிர்காலம் இன்னொரு நல்ல வாய்ப்பு. மற்ற தீனி பனிக்குள் புதைந்துவிட, ஊசியிலைதான் இதற்குச் சாப்பாடு. பிசின் நிறைந்த, சத்துக் குறைந்த அந்த இலையை ஏராளமாகத் தின்றால்தான் உடம்பு தாங்கும். அதற்காக இரையை அரைக்கும் அரைவைப்பை குளிர்காலத்தில் ஏறக்குறைய 75 சதவீதம் பெரிதாகிறது, குடலின் பகுதிகளும் நீள்கின்றன. விரல்களின் ஓரத்தில் சீப்புப் பல் போன்ற செதில்கள் முளைத்து, வசந்தத்தில் உதிர்கின்றன. கடுங்குளிரில் மெத்தென்ற பனிக்குள் புகுந்து படுத்துக்கொள்வதும் உண்டு.

இலையுதிர்காலத்தில் சிறு கற்களைப் பொறுக்க அதிகாலையில் மண் சாலை ஓரங்களுக்கு வரும். வண்டியை ஊர்ந்து ஓட்டினால் போதும். ஆனால் பல மாகாணங்களில் அது வேட்டைப் பருவம். ஆரஞ்சு நிற மேலங்கி இல்லாமல் காட்டுக்குள் இறங்காதீர்கள். கோடையைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கருப்பு ஈக்கள் முகத்தை மொய்க்கும், வலைத் தொப்பி வாங்கிக்கொள்ளுங்கள்.

படி 3: பத்தடி நடங்கள், இரண்டு நிமிடம் நில்லுங்கள்

இந்தப் பாடத்தில் உண்மையான வேலை இதுதான். பத்தடி நடந்ததும் நின்று, முதலில் பாதையோரத் தரை, பிறகு தாழ்ந்த கிளைகளுக்கு அடியில் உள்ள இருட்டு, கடைசியாக மரத்தின் நடுப்பகுதியில் தண்டை ஒட்டிய கிளைகள் என்று கண்ணை மெதுவாக ஓட்டுங்கள். குளிர்காலமானால் இந்த வரிசையைத் தலைகீழாக்குங்கள்.

காற்றில்லாத நாளில் ஒரே ஒரு கிளையிலிருந்து மட்டும் பனித்தூள் உதிர்ந்தால் அண்ணாந்து பாருங்கள். மரத்தடியில் மரத்தூளை அழுத்தி உருட்டியது போன்ற சின்னச் சின்ன உருளைகள் குவிந்து கிடந்தால், அது எச்சம். ஏதோ ஒரு கிரௌஸ் அங்கே இரவு தங்கியிருக்கிறது.

செல்பேசியில் குரலை ஒலிக்கவிட்டு வரவழைக்கும் வழியைச் சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. இனப்பெருக்க காலத்தில் எதிரி வந்துவிட்டதாக நினைத்து வீணாக அலைக்கழியும்.

படி 4: அதுதானா என்று உறுதி செய்யுங்கள்

சுமார் 40 சென்டிமீட்டர் நீளம், அரைக் கிலோ எடை. சேவலைக் கண்டால் குழப்பமே இல்லை. கருந்தொண்டை, கருமார்பு, அவற்றைச் சுற்றி வெள்ளைப் புள்ளிகளும் கோடுகளும், கண்ணுக்கு மேல் சிவந்த சதைப்பட்டை. பெட்டை சாம்பலோ செம்பழுப்போ கலந்த வரிகள் நிறைந்தது. தொடக்கக்காரர்கள் இங்கேதான் ரஃப்டு கிரௌஸ் என்ற இன்னொரு கிரௌஸ் வகையோடு குழப்பிக்கொள்வார்கள்.

வாலைப் பாருங்கள். ஸ்புரூஸ் கிரௌஸின் கருவால் முனையில் செம்பழுப்பாக முடியும். ரஃப்டு கிரௌஸுக்கு நேர்மாறு: வெளிறிய வாலில், முனைக்குச் சற்று முன் அகலமான கரும்பட்டை ஓடும். தலையில் சிறு கொண்டையும் இருக்கும். ஆஸ்பென் என்ற அகன்ற இலை மரங்கள் கலந்த காட்டில் பார்த்தீர்களானால் ரஃப்டு என்றே முதலில் சந்தேகப்படுங்கள்.

மேற்கே ராக்கி மலைப் பக்கம் போனால் இந்த விதி சற்று மாறும். அங்குள்ள 'ஃபிராங்க்ளின்' வகைச் சேவலின் வால் முனையில் செம்பழுப்பு இல்லை. பதிலாக வாலின் அடிப்பகுதியை மூடும் இறகுகளில் வெள்ளைப் புள்ளிகள் வரிசை கட்டியிருக்கும். பறந்து இறங்கும்போது இறக்கைகளை முதுகுக்கு மேல் 'படார் படார்' என்று இருமுறை தட்டும்.

படி 5: பார்த்த பிறகு

அது விலகாமல் நிற்பதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கழுத்தை நீட்டி விறைத்தாலோ வாலை வெட்டி வெட்டி அசைத்தாலோ நீங்கள் நெருங்கிவிட்டீர்கள் என்று பொருள், பின்வாங்குங்கள். ஜூன், ஜூலையில் பெட்டை உங்களை நோக்கிச் சீறிக்கொண்டு வந்தால் நின்ற இடத்தில் நின்று காலடியைப் பாருங்கள். பாசியின் நிறத்தில் குஞ்சுகள் பதுங்கியிருக்கலாம். வந்த தடத்திலேயே திரும்புங்கள்.

பலகைப் பாதையின் நடுவில் ஒரு சேவல் நின்றுவிட்டால் சுற்றிப் போக வழியில்லை, இருபக்கமும் சதுப்பு. அதற்கு எந்த அவசரமும் இராது. எனக்கு ஒருமுறை இருபது நிமிடம் ஆயிற்று.