'மேட்ச்' ஒரு சொல் அல்ல, இரண்டு

கிரிக்கெட் மேட்ச், சேலைக்கு மேட்சாக பிளவுஸ், அப்புறம் மேட்ச் பாக்ஸ். ஒரே சொல்லுக்கு இத்தனை பொருளா என்று குழம்பினால், ஆங்கில அகராதியில் அந்தச் சொல்லின் தலைமேல் குட்டியாக 1, 2 என்று எண் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், அவை பெரும்பாலும் வேர் வேறான தனித்தனிச் சொற்கள். எழுத்து மட்டும்தான் ஒன்று.

முதல் மேட்ச் பழைய ஆங்கிலத்தில் இணை, துணை என்ற பொருளில் இருந்தது. துணை என்பதிலிருந்து சமமானவர், சமமானவர் மோதும் போட்டி என்று விரிந்தது. பொருத்தம், கல்யாண வரன் எல்லாம் இந்தக் குடும்பம்தான்.

தீக்குச்சி மேட்ச் பழைய பிரெஞ்சு வழியாக வந்தது. அங்கே அதற்கு விளக்குத் திரி என்று பொருள். பிறகு பீரங்கிக்கு வைக்கும் திரியையும் அப்படியே அழைத்தார்கள். இங்கிலாந்தின் ஸ்டாக்டனில் ஜான் வாக்கர் 1827-இல் உரசினால் பற்றும் குச்சிகளை விற்கத் தொடங்கியபோது, பெயர் தயாராக இருந்தது.

நம் வத்திக்குச்சியும் இதே கதைதான்! 'வர்த்தி' என்றால் திரி. ஊதுவத்தி, மெழுகுவத்தியில் இருப்பதும் அதுவே.

'மேட்ச்மேக்கர்' என்றால் கல்யாணத் தரகர். தீப்பெட்டி செய்பவரையும் அப்படிச் சொல்வதுண்டு. இரண்டு பேருமே பற்றவைக்கிறவர்கள் என்பது என் சொந்தச் சரக்கு, அகராதியில் தேடாதீர்கள்.

'பார்க்' (bark) என்ற நாய்க் குரைப்பையும் மரப்பட்டையையும் இதேபோல் அகராதியில் பார்த்துவிடுங்கள்.