வின்மெயில்.டாட் வந்தால் என்ன செய்வது?

நிலாவெளியில் மச்சான் நடத்தும் விடுதிக்கு வரும் மின்னஞ்சல்களை நான்தான் பார்க்கிறேன். சீசன் தொடங்கிய நேரம், கொழும்பில் இருந்து ஒரு பயண முகவர் விருந்தினர் பட்டியலை எக்செல் கோப்பாக அனுப்பினார். என் தண்டர்பேர்ட் என்ற மின்னஞ்சல் மென்பொருளில் வந்து நின்றதோ வின்மெயில்.டாட் என்ற ஒரு கோப்பு. திரும்ப அனுப்பச் சொன்னேன், மறுபடியும் அதேதான். போன் எடுத்தால், "எங்கட பக்கம் வடிவா திறக்குது தம்பி" என்கிறார். அது உண்மைதான், அவரிடம் இருப்பது மைக்ரோசொஃப்டின் மின்னஞ்சல் மென்பொருளான அவுட்லுக்.

கோப்பின் பெயரை மட்டும் மாற்றி எக்செலில் திறக்கப் பார்க்காதீர்கள். நான் பார்த்தேன், பழுதான கோப்பு என்றது. உண்மையில் பழுது ஒன்றும் இல்லை. அவுட்லுக்கில் ரிச் டெக்ஸ்ட் என்ற அதன் சொந்த வடிவத்தில் எழுதினால், எழுத்தலங்காரம், இணைத்த கோப்பு எல்லாவற்றையும் டிஎன்இஎஃப் என்ற பொதியில் சுற்றி அனுப்பும். சோறும் கறியும் ஒரே தாளில் கட்டிய சோற்றுப் பார்சல் மாதிரி. அவிழ்க்கத் தெரியாத மென்பொருள் பார்சலை அப்படியே உங்களிடம் நீட்டிவிடும்.

படி 1: அவசரத்துக்குத் திறப்பது

தண்டர்பேர்டுக்கு லுக்அவுட் என்று ஒரு நீட்சி (கூடுதல் வசதி தரும் சிறு மென்பொருள்) இருக்கிறது (ஆம், அவுட்லுக்கைத் திருப்பிப் போட்ட பெயர்தான்). உங்கள் பதிப்புக்குப் பொருந்துகிறதா என்று பார்த்து நிறுவுங்கள். லினக்ஸ் என்றால் டிஎன்இஎஃப் என்ற பெயரிலேயே சிறு கருவி உண்டு. எனக்கு அதுதான் பிடிக்கும், சத்தமில்லாமல் வேலையை முடிக்கும். கோப்பை ஏற்றினால் பிரித்துத் தரும் இணையத்தளங்களும் உண்டு, ஆனால் நான் பயன்படுத்துவதில்லை. பட்டியலில் விருந்தினரின் பாஸ்போர்ட் எண்கள் இருந்தன. அதை முன்பின் தெரியாத தளத்தில் ஏற்றலாமா?

படி 2: அனுப்புபவரிடம் மாற்றச் சொல்வது

நிரந்தரத் தீர்வு அவர் பக்கத்தில்தான் இருக்கிறது. கணினியில் நிறுவிய கிளாசிக் அவுட்லுக்கில் ஃபைல், ஒப்ஷன்ஸ், மெயில் என்று போகச் சொல்லுங்கள். கடிதம் எழுதும் வடிவத்தை எச்டிஎம்எல் (மற்ற மின்னஞ்சல் மென்பொருள்களும் படிக்கும் பொது வடிவம்) ஆக்க வேண்டும். அதே பக்கத்தின் கீழ்ப்பகுதியில், ரிச் டெக்ஸ்ட் கடிதங்கள் இணைய முகவரிகளுக்குப் போகும்போது எச்டிஎம்எல் ஆக மாற்றும் தெரிவும் இருக்கும். அதையும் போடச் சொல்லுங்கள்.

படி 3: நான் இரண்டு நாள் மாட்டிக்கொண்ட இடம்

அவர் எல்லாம் மாற்றிவிட்டார். அப்புறமும் வின்மெயில்.டாட்! காரணம் இரண்டு. பழைய ரிச் டெக்ஸ்ட் கடிதத்துக்கே அவர் பதில் எழுதிக்கொண்டிருந்தார், பதில் பழைய கடிதத்தின் வடிவத்திலேயே போகும். புதுக் கடிதமாகத் தொடங்கச் சொன்னேன். அதிலும் சரிவரவில்லை. கடைசியில்தான் விளங்கியது: அவருடைய தொடர்புப் பட்டியலில் என் முகவரிக்கு மட்டும் ரிச் டெக்ஸ்ட் என்று தனியாகக் குறித்துக் கிடந்தது. பொது அமைப்பில் எதை மாற்றினாலும் இந்தக் குறிப்புத்தான் வெல்லும். தொடர்பைத் திறந்து, மின்னஞ்சல் முகவரியை இரட்டைச் சொடுக்கினால் அந்தத் தெரிவு வரும். பெறுநர் பெட்டியில் தட்டும்போது தானாக விழும் பழைய முகவரியையும் பக்கத்தில் உள்ள பெருக்கல் குறியை அழுத்தி அழித்துவிட்டு, முழுதாகத் தட்டச் சொல்லுங்கள். எங்களுக்கு அதோடு சரியானது.

இதற்கும் மசியவில்லை என்றால் அவர்களின் நிறுவன மின்னஞ்சலைக் கையாளும் எக்ஸ்சேஞ்ச் வழங்கியிலேயே டிஎன்இஎஃப் இயங்கும்படி வைத்திருக்கலாம். அதை நிறுத்த அவர்களின் கணினிப் பொறுப்பாளரால்தான் முடியும்.

பிற்சேர்க்கை: மூதூரில் இருந்து ஒரு ஆசிரியை, "கோப்பு திறக்கிறது, ஆனால் உள்ளே ஒரே ஆங்கில எழுத்துக் குப்பை" என்று கேட்டிருந்தார். அது வேறு கதை. அனுப்பியவர் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் தட்டியிருக்கிறார், உங்கள் கணினியில் பாமினி இல்லை. எழுத்துருவை நிறுவுங்கள், அல்லது யுனிகோட் மாற்றியில் (பழைய எழுத்துருவில் உள்ளதை இன்றைய பொதுத் தமிழ் எழுத்தாக்கும் கருவி) போட்டு எடுங்கள். திருத்தும் தேவை இல்லாத கோப்பென்றால் பிடிஎஃப் ஆக அனுப்பச் சொன்னால் போதும், எழுத்துருவும் அதோடு சேர்ந்தே வரும்.