கீலெஸ் கதவு திறக்கலையா? மாட்யூல் மாத்தறதுக்கு முன்னாடி

போன மழைக்காலத்துல பெங்களூரு அல்சூர்ல எங்க அபார்ட்மெண்ட் பேஸ்மெண்ட்ல, ரிமோட் சாவிய பாக்கெட்ல வெச்சுக்கிட்டு கார் டிரைவர் சைடு கைப்பிடி பட்டனை அமுக்கறேன் அமுக்கறேன், கதவு தொறக்கவே இல்ல. ஒரு கடைல காட்டினா வண்டியத் தொட்டுக்கூட பாக்காம "பாடி கன்ட்ரோல் மாட்யூல் போச்சு சார், மாத்திடலாம்"னுட்டாங்க. கதவு, லைட் எல்லாத்தையும் இயக்கற குட்டி கம்ப்யூட்டர் அது. நல்லவேளை, பக்கத்து வீட்டு அண்ணன்தான் "ஏம்ப்பா, அந்தப் பக்கத்துக் கதவு பட்டனை அமுக்கிப் பாத்தியா?"ன்னு கேட்டாரு. அமுக்கினேன், டக்குனு தொறந்துச்சு. பாதி கேஸ் அங்கேயே முடிஞ்சுது. சாவி நல்லாருக்கு, மாட்யூலும் நல்லாருக்கு, பழுது இந்த ஒரு கதவுல.

ஏன்னா பட்டனை அமுக்கினதும் கைப்பிடிக்குள்ள இருக்கற ஆன்டெனா சுமார் 125 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசைல சாவியக் கூப்பிடும், மூணு நாலு அடிக்குள்ள சாவி இருந்தா அது 433 மெகாஹெர்ட்ஸ்ல பதில் குடுக்கும், அவ்ளோதான். ஸ்டார்ட் பண்றதுக்கு வண்டிக்குள்ள வேற ஆன்டெனா, பெரும்பாலும் கியர் பக்கத்துல. அதனால எது வேலை செய்யுது எது செய்யலன்னு ஒரு ரவுண்டு பாக்காம எதையும் கழட்டாதீங்க.

சாவிக்குள்ள போடற பட்டன் செல் விஷயத்துல நிறைய பேர் ஏமாறுவாங்க. 2032 கிடைக்கலன்னு 2025 போட்டுடறது. ரெண்டும் 20 மில்லிமீட்டர் அகலம்தான், ஆனா ஒண்ணு 3.2 கனம் இன்னொண்ணு 2.5, லூசா உக்காந்து ஒருநாள் தொறக்கும் ஒருநாள் தொறக்காது. மீட்டர்ல 2.9 வோல்ட் காட்டுதேன்னும் நம்பிடாதீங்க, பழைய செல் சும்மா இருக்கும்போது அப்படித்தான் காட்டும், வேலை குடுத்தா படுத்துடும். செல் சுத்தமா செத்துட்டாலும் பயப்பட வேணாம், சாவிக்குள்ள ஒரு இரும்புச் சாவி இருக்கும், அதால கதவைத் தொறந்து உள்ள போய் ரிமோட்டை ஸ்டார்ட் பட்டன்கிட்ட ஒட்டி வெச்சா நிறைய வண்டி ஸ்டார்ட் ஆயிடும். சாவிய வயர்லெஸ் சார்ஜர் மேல மட்டும் வைக்காதீங்க, அதோட அலைவரிசையும் இந்த 125 பக்கத்துலதான், வண்டி "சாவி இல்ல"ன்னு சாதிக்கும்.

கதவைத்தான் பிரிக்கணும்னா முதல்ல பேட்டரி நெகட்டிவ் கழட்டி கொஞ்ச நேரம் விடுங்க, மஞ்சள் கனெக்டர் கண்ணுல பட்டா அது ஏர்பேக், கை வைக்காதீங்க. சில வண்டில பேட்டரியே டிக்கில இருக்கும், கழட்டிட்டு டிக்கிய மூடிட்டா அப்புறம் பட்டனுக்கு தொறக்காது, நான் பண்ண கூத்து அது. டிரிம்முக்கு, அதாவது கதவோட உள்பக்க அட்டைக்குப் பின்னாடி இருக்கற பிளாஸ்டிக் ஷீட்டை கிழிச்சுப் போட்டுட்டு அப்படியே மூடுறாங்க, அடுத்த பெங்களூரு மழைக்கு தண்ணி நேரா உள்ளதான்.

என் வண்டில கடைசில பாத்தா, கதவுக்கும் அது மாட்டியிருக்கற வண்டித் தூணுக்கும் (பில்லர்) நடுவுல இருக்கற ரப்பர் குழாய்க்குள்ள ஒரு வயர் மடிஞ்சு மடிஞ்சு அறுந்திருந்துச்சு, வெளித்தோல் மட்டும் முழுசா இருக்கு. நான் அந்த மடியற இடத்துலயே சால்டர் வெச்சேன், ரெண்டு வாரத்துல சால்டர் ஓரமாவே திரும்ப அறுந்துச்சு. அப்புறம் எலக்ட்ரானிக்ஸ் கடைங்க நிறைஞ்ச எஸ்.பி. ரோட்ல நாப்பது ரூபாய்க்கு நல்ல வளையற வயர் வாங்கி, ஜாயின்ட்டை ரப்பருக்கு வெளிய கதவுக்குள்ள தள்ளி வெச்சேன், இப்போ ஓடுது.