தில்லிக் குளிரில் அம்மாவின் எலும்பைக் காக்கும் வழி

மயூர் விகார் அடுக்ககங்களில் வசிக்கும் அறுபது கடந்த நம் பெண்கள், கண்ணாடி மூடிய பால்கனியில் கீரை ஆய்ந்துகொண்டே வெயில் காய்வதாக நினைக்கிறார்கள். ஆனால், எலும்புக்கு வலுவூட்டும் வைட்டமின் டி தோலில் உருவாகத் தேவையான புறஊதா பி கதிர் கண்ணாடியைத் தாண்டி வருவதில்லை, மார்கழிப் புகைமூட்டத்தில் வெளியிலேயே அது குறைவு. எனவே பதினொரு மணிக்கு மேல் மொட்டைமாடியில், கைகால்களில் வெயில் படும்படி உட்காரச் சொல்லுங்கள்.

அதை மட்டும் நம்பாமல் ரத்தத்தில் வைட்டமின் டி அளவையும் பார்த்துவிடுங்கள். ஒரு மில்லிலிட்டருக்கு 20 நானோகிராமுக்குக் கீழே இருந்தால் பற்றாக்குறை என்பர். மருத்துவர் பெரும்பாலும் வாரத்துக்கு ஒன்று என 60,000 யூனிட் மாத்திரை எழுதித் தருவார். அதைத் தினம் ஒன்று என்று எண்ணிய என் அத்தையின் மாத்திரை அட்டை நான்கே நாளில் பாதி காலியாகியிருந்தது. அன்றுமுதல் அட்டையின் பின்புறம் ‘ஞாயிறு மட்டும்’ என்று பேனாவால் எழுதிவைக்கிறோம். அளவு மிஞ்சினால் ரத்தத்தில் கால்சியம் ஏறிச் சிறுநீரகம் கெடும்.

சைவ உணவினரும், சர்க்கரைக்கு நெடுநாள் மெட்ஃபார்மின் உண்பவரும் பி12 அளவையும் பார்க்க வேண்டும். அது குறைந்தால் பாதம் மரத்து, நடை தடுமாறும். இடுப்பெலும்பு முறிவு பெரும்பாலும் கீழே விழுவதில்தான் நேர்கிறது.

மாதவிடாய் நின்றவர்களுக்கு நாளொன்றுக்குச் சுமார் 1,200 மில்லிகிராம் கால்சியம் தேவை. 100 கிராம் கேழ்வரகில் 350 மில்லிகிராம் அளவுக்குக் கிடைக்கும். அறுபத்தைந்து வயதானால் எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேனும் எடுத்துவிடுங்கள். அதில் வரும் டி-ஸ்கோர் (T-score) என்ற அடர்த்தி மதிப்பெண் -2.5 அல்லது அதற்கும் கீழே என்றால் வைட்டமின் மட்டும் போதாது, எலும்புக்கான தனி மருந்து குறித்து மருத்துவரிடம் கேளுங்கள்.