பூசணிக்காய்க்குத் தண்ணீர் ஊற்றாதீர்கள்: குதிரைவாலிச் சோறும் மஞ்சள் பூசணி வெஞ்சனமும்

சிறுதானியச் சோறு ஒரு தடவை குழைந்து போனால் போதும், மிச்சப் பொட்டலம் மேல் தட்டுக்கு ஏறிவிடும். மஞ்சள் பூசணிக்கும் பல வீடுகளில் அதே கதிதான். கூட்டு வைக்கப் போய் அது கூழாகிவிட்டால், "எங்க வீட்டுல யாரும் இதைச் சாப்பிட மாட்டாங்க" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். இரண்டிலும் நடக்கும் தப்பு ஒன்றேதான். தண்ணீர் கூடிப்போகிறது.

எனக்கும் அப்படித்தான் ஆனது. முதல் முதலாகக் குதிரைவாலி வைத்தபோது, அரிசிக்கு ஊற்றும் பழக்கத்தில் ஒரு டம்ளருக்கு மூன்றரை டம்ளர் தண்ணீர் ஊற்றிக் குக்கரில் நான்கு விசில் விட்டேன். திறந்து பார்த்தால் களி. பக்கத்து அடுப்பில் பூசணிக்காயும் தண்ணீரில் கரைந்து கொண்டிருந்தது. மதுரை மாவட்டத்துப் பேரையூர் பக்கத்திலிருந்து வந்திருந்த அப்பத்தா அடுத்த நாள் என் கையிலிருந்த சொம்பைப் பிடித்துக்கொண்டார். "ஊத்தாத தாயி. காய்க்குள்ளயே தண்ணி இருக்கு, அதுவே வெந்துக்கும்." இந்தப் பதிவு முழுக்க அந்த ஒரு பேச்சின் விளக்கம்தான்.

சமையலுக்குப் புதியவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். மூன்று பேர் ஒரு வேளை சாப்பிடும் அளவு. குதிரைவாலியை மட்டும் முன்கூட்டியே ஊறவைத்து, தட்டைப்பயற்றை முதல் நாள் இரவே நனையப் போட்டுவிட்டால் மற்றதெல்லாம் முக்கால் மணி நேர வேலை.

ஏன் இந்த ஜோடி

பேரையூர், தே.கல்லுப்பட்டி, சேடபட்டிப் பக்கத்துக் கரிசலில் குதிரைவாலி மானாவாரிப் பயிர். வடகிழக்குப் பருவமழையை நம்பிப் புரட்டாசி, ஐப்பசியில் விதைப்பார்கள். நூறு நாளுக்குள் கதிர் முற்றிவிடும். ஆடிக்குப் பிறகு குப்பைமேட்டிலும் வேலியோரத்திலும் ஊன்றிய பூசணிக்கொடி மார்கழியில் வாசல் கோலத்துக்குப் பூக் கொடுக்கும், தையில் காயை இறக்கலாம். இரண்டும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வீட்டுக்கு வந்து சேரும். பொங்கலன்று பூசணிக்காய் இல்லாத குழம்பை எங்கள் பக்கத்தில் நினைத்துப் பார்க்க முடியாது. இத்தனைக்கும் இந்தக் காய் அமெரிக்கக் கண்டத்தில் பிறந்து கடல் கடந்து வந்தது.

காய் வாங்கும்போது

பரங்கிக்காய், சர்க்கரைப் பூசணி, கோவைப் பக்கம் போனால் அரசாணிக்காய், எல்லாம் ஒன்றுதான். வெள்ளைப் பூசணி வேறு காய். அதில் தண்ணீர் அதிகம், இங்கே சொல்லும் கணக்கு அதற்குச் சரிவராது.

முழுக்காய் வாங்கினால் முதலில் காம்பைப் பாருங்கள். பச்சையாக, ஈரமாக இருந்தால் காய் முற்றவில்லை. கட்டைபோல் காய்ந்திருந்தால் முற்றிய காய். தோல் பளபளக்காமல் கொஞ்சம் மங்கி இருக்க வேண்டும். நகத்தால் அழுத்தினால் எளிதில் இறங்கக் கூடாது. தூக்கிப் பார்க்கும்போது அளவுக்கு மீறிய கனமாக இருந்தால் அதுதான் நல்ல காய்.

ஆனால் முதல் தடவை செய்கிறவர்கள் கீற்றாக வாங்குவதே நல்லது. உள்ளே என்ன நிறம் என்று கண்ணால் பார்த்து வாங்கலாம். வெளிறிய மஞ்சளை விட்டுவிட்டு ஆரஞ்சு ஏறிய கீற்றை எடுங்கள். சதை கெட்டியாக இருக்க வேண்டும். விதைப்பக்கம் வழுவழுவென்று நீர்கோத்திருந்தால் அது வெட்டி நேரமாகிவிட்ட கீற்று, வேண்டாம். தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை 1999 நவம்பர் 14 அன்று நம் மதுரை அண்ணா நகரில்தான் திறக்கப்பட்டது. அங்கே காலையில் சீக்கிரம் போனால் அப்போதுதான் வெட்டிய கீற்று கிடைக்கும். அரை கிலோ போதும்.

தானியம் வாங்கும்போது

இதில் கொஞ்சம் நிதானம் வேண்டும். குதிரைவாலியின் உமியை நீக்கித்தான் ஆக வேண்டும், உமியோடு சாப்பிட முடியாது. ஆனால் உமிக்கு அடியில் இருக்கும் தவிட்டையும் தீட்டி எடுத்துவிட்டால் நார்ச்சத்தில் பெரும்பகுதி போய்விடும். கடையில் ரவைபோல வெள்ளை வெளேரென்று இருப்பது நன்றாகத் தீட்டியது. தீட்டாதது சாம்பல் கலந்த பழுப்பாக, பார்வைக்குச் சுமாராகத்தான் இருக்கும். நமக்கு அதுதான் வேண்டும்.

ஒரு கடையில் தீட்டாதது என்று எழுதிய பொட்டலத்தை நம்பி வாங்கி வந்து, பிரித்தால் வெள்ளையாக இருந்தது. அன்றிலிருந்து எழுத்தை விட்டுவிட்டு நிறத்தைத்தான் பார்க்கிறேன். மோந்தும் பார்ப்பேன். தவிட்டில் எண்ணெய் இருப்பதால் தீட்டாத தானியம் நாள்பட்டால் காறல் வாடை அடிக்கும். அதனால் ஒரு மாதத்துக்கு ஆவதை மட்டும் வாங்கி, காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள்.

என்னென்ன வேண்டும்

சோற்றுக்கு: தீட்டாத குதிரைவாலி 1 டம்ளர், தண்ணீர் இரண்டரை டம்ளர், நல்லெண்ணெய் 1 டீஸ்பூன், உப்பு.

வெஞ்சனத்துக்கு (சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளும் கறியை எங்கள் பக்கத்தில் இப்படிச் சொல்வோம்): மஞ்சள் பூசணி அரை கிலோ, தட்டைப்பயறு கால் டம்ளர், சின்ன வெங்காயம் 10, பூண்டு 4 பல், சின்ன நெல்லிக்காய் அளவு புளி, மஞ்சள்தூள் கால் டீஸ்பூன், மிளகாய்த்தூள் 1 டீஸ்பூன், தேங்காய்த் துருவல் 3 டேபிள்ஸ்பூன், சீரகம் அரை டீஸ்பூன். தாளிக்கக் கடலை எண்ணெய் 3 டீஸ்பூன், கடுகு, உளுந்தம்பருப்பு, மிளகாய் வத்தல் 2, கருவேப்பிலை.

எண்ணெயைக் குறைக்காதீர்கள். பூசணிக்கு அந்த நிறம் தரும் பீட்டா கரோட்டின் கொழுப்போடு சேர்ந்தால்தான் உடம்பில் நன்றாகச் சேரும்.

குதிரைவாலிச் சோறு

குதிரைவாலியைச் சொளகில் (முறத்தில்) பரப்பிக் குப்பை பார்த்துவிட்டு ஒரு பாத்திரத்தில் போட்டுத் தண்ணீர் ஊற்றுங்கள். சின்னத் தானியம் என்பதால் கல் கண்ணுக்குத் தப்பிவிடும், அதனால் அரித்தே ஆக வேண்டும். பாத்திரத்தைச் சாய்த்து, லேசாக ஆட்டியபடி தானியத்தைத் தண்ணீரோடு இன்னொரு பாத்திரத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாக ஓட விடுங்கள். கல் கனம், அடியிலேயே தங்கிவிடும். கடைசி ஒரு ஸ்பூன் அளவை மட்டும் விரலால் தடவிப் பாருங்கள். இரண்டு மூன்று முறை இப்படிக் கழுவிய பின் அரை மணி நேரம் ஊறவைத்து, வடிகட்டியில் முழுக்க வடித்துவிடுங்கள். ஊறிய தண்ணீரோடு அப்படியே அடுப்பில் ஏற்றினால் நம் அளவெல்லாம் வீண்.

அடி கனமான பாத்திரத்தில் இரண்டரை டம்ளர் தண்ணீரைக் கொதிக்க விடுங்கள். நன்றாகத் தளபுளவென்று கொதித்ததும் உப்பு, எண்ணெய், வடித்த குதிரைவாலி. ஒரே ஒரு முறை கிளறுங்கள். அதற்கப்புறம் கரண்டியைத் தூர வைத்துவிட வேண்டும். கிளறக் கிளற மாவு வெளியே வந்து சோறு கொழகொழவென்று ஒட்டும்.

மிதமான தீயில் திறந்தபடியே வேகட்டும். ஏழெட்டு நிமிடத்தில் மேலே நின்ற தண்ணீர் கீழிறங்கி, சோற்றின் மேற்பரப்பில் நண்டு வளைபோலச் சின்னச் சின்னக் குழிகள் தெரியும். இந்த இடத்தைத்தான் நீங்கள் பழகிக்கொள்ள வேண்டும். குழி தெரிந்ததும் தீயை அடியோடு குறைத்து, தட்டால் இறுக மூடி ஐந்து நிமிடம். பிறகு அடுப்பை அணைத்து, திறக்காமல் இன்னும் பத்து நிமிடம். அந்தப் பத்து நிமிடத்தில் மிச்ச ஈரம் ஆவியாகித் தானியத்துக்குள் போய்விடும்.

திறந்து இரண்டு மணியை விரலில் வைத்து நசுக்கிப் பாருங்கள். நடுவில் வெள்ளைப் புள்ளி கடினமாகத் தட்டினால் இரண்டு கை வெந்நீர் தெளித்து மறுபடி மூடுங்கள். இல்லையென்றால் முள்கரண்டியால் ஓரத்திலிருந்து உதிர்த்து விடுங்கள்.

குக்கர்தான் கைக்கு வருமென்றால் 2 டம்ளர் தண்ணீர், 2 விசில், ஆவி தானாக அடங்கட்டும். தீட்டிய வெள்ளைக் குதிரைவாலிதான் கிடைத்ததா? ஊறும் நேரத்தைப் பாதியாக்கி, தண்ணீரில் அரை டம்ளரைக் குறையுங்கள்.

பூசணி வெஞ்சனம்

இரவே ஊறிய தட்டைப்பயற்றைக் குக்கரில் மூன்று விசிலுக்கு வேகவைத்து வடித்து வையுங்கள். வடித்த தண்ணீரைக் கொட்ட வேண்டாம், ரசத்துக்கு ஆகும்.

இப்போது காயை நறுக்குவோம். முழுக்காய் வழுக்கி உருளும், புதியவர்கள் கையை வெட்டிக்கொள்வது இங்கேதான். ஈரத்துணியை மடித்து அடியில் போட்டு அதன்மேல் காயை நிறுத்துங்கள். காம்பின் மேலே வெட்டாதீர்கள், அது மரம், கத்தி சிக்கிக்கொள்ளும். காம்புக்குப் பக்கத்தில் கத்திமுனையை இறக்கி, வரி ஓடும் பள்ளத்தின் வழியாகவே கீழே கொண்டு வாருங்கள். அரிவாள்மனை பழகிய வீட்டில் கீற்றைப் போட்டுத் தள்ளினாலே போதும். விதையையும் நாரையும் கரண்டியால் சுரண்டி எடுங்கள். இளங்காய்க்குத் தோல் இருக்கட்டும், வெந்துவிடும். முற்றிய காய்க்குச் சீவுங்கள். பிறகு கட்டைவிரல் மொத்தத்துக்குச் சதுரத் துண்டுகள். இதைவிடச் சிறிதாக நறுக்கினால் கரைந்துவிடும்.

வாணலியில் கடலை எண்ணெய் காய்ந்ததும் கடுகு, உளுந்து, கிள்ளிய வத்தல், கருவேப்பிலை. பூண்டும் வெங்காயமும் போட்டு வெங்காயம் கண்ணாடிபோல ஆகும்வரை வதக்குங்கள். பூசணித் துண்டுகள், மஞ்சள்தூள், உப்பு. ஒரு புரட்டுப் புரட்டி, குறைந்த தீயில் மூடிவிடுங்கள்.

கை சொம்பைத் தேடும். பொறுங்கள். மூன்று நிமிடம் கழித்துத் தட்டைத் தூக்கிப் பார்த்தால் தட்டின் அடியில் நீர் முத்து முத்தாகக் கோத்திருக்கும், வாணலியின் அடியிலும் ஒரு கரண்டிக்குக் காய்விட்ட நீர் நிற்கும். உப்பு காயிலிருந்து நீரை இழுத்து வெளியே கொண்டு வந்திருக்கிறது. அந்த நீரிலேயே காய் வேகும். இனிப்பும் வெளியே போகாது. எட்டு முதல் பத்து நிமிடத்தில் கரண்டிக் காம்பு தடையில்லாமல் உள்ளே இறங்கினால் பதம்.

இதற்குப் பிறகுதான் புளி. கால் டம்ளர் கெட்டிக் கரைசல் போதும். முதலிலேயே ஊற்றினால் புளிப்பு காயை மெதுவாக விடாது, எவ்வளவு நேரம் வைத்தாலும் நறுக்கு நறுக்கென்றே நிற்கும். புளியோடு மிளகாய்த்தூளும் சேர்த்துப் பச்சை வாடை போகக் கொதிக்க விட்டு, வெந்த பயற்றைப் போடுங்கள். தேங்காயையும் சீரகத்தையும் கொரகொரப்பாக அரைத்துச் சேர்த்து இரண்டு நிமிடத்தில் இறக்கிவிடலாம். இனிப்பு, புளிப்பு, உறைப்பு மூன்றும் நாக்கில் தனித்தனியாகத் தெரிய வேண்டும். காய் சப்பென்று அமைந்துவிட்டால் ஒரு துண்டு வெல்லம் போடுவதில் தப்பே இல்லை.

சூடான குதிரைவாலிச் சோற்றில் நல்லெண்ணெய் ஒரு ஸ்பூன் விட்டு, இந்த வெஞ்சனத்தைச் சேர்த்துப் பிசைந்து, அப்பளத்தோடு சாப்பிடுங்கள். ஆறினால் குதிரைவாலி இறுகும், சுடச்சுடப் பரிமாறுவது நல்லது. வீட்டில் நார்ச்சத்துப் பழகாத பெரியவர்கள் இருந்தால் முதல் வாரம் பாதி வயிற்றுக்கு இதைக் கொடுத்து, மீதிக்கு அரிசிச் சோறு போடுங்கள். சர்க்கரை நோய்க்காரர்கள், சிறுதானியம்தானே என்று அளவைக் கூட்ட வேண்டாம். இதுவும் மாவுச்சத்துதான்.

மிச்சக் கீற்றில் கேழ்வரகு அடை

கீற்று மிஞ்சினால் மறுநாள் காலைக்கு இது. கேழ்வரகு மாவில் கோதுமை மாவுக்குள்ள பிசுக்கு கிடையாது, அதனால்தான் அடை தட்டும்போது விண்டுபோகிறது. பூசணி அந்தக் குறையைத் தீர்த்துவிடும்.

ஒரு டம்ளர் பூசணித் துண்டுகளை இட்லித் தட்டில் ஆவியில் வேகவைத்து, சூட்டோடு மசியுங்கள். ஒன்றரை டம்ளர் கேழ்வரகு மாவு, பொடியாக நறுக்கிய சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், ஒரு கைப்பிடி முருங்கைக்கீரை, உப்பு சேர்த்துச் சூடு ஆறுவதற்குள் பிசையுங்கள். தண்ணீர் ஒரு சொட்டுக்கூட வேண்டாம். கையில் ஒட்டினால் மாவைத் தூவுங்கள், வறண்டு வெடித்தால் இன்னும் ஒரு கரண்டி பூசணி மசியல். எண்ணெய் தடவிய வாழையிலையில் தட்டி, தோசைக்கல்லில் இலையோடு கவிழ்த்து, இலை சூட்டில் வாடியதும் உரித்து எடுங்கள். ஓரத்தில் எண்ணெய் விட்டு மிதமான தீயில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம். கேழ்வரகு உள்ளே வேக நேரம் எடுக்கும், தீயைக் கூட்டி அவசரப்படாதீர்கள்.

நறுக்காத கீற்று இன்னும் இருந்தால் விதையையும் நாரையும் எடுத்துவிட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். முதலில் கெடுவது அந்தப் பகுதிதான். நான்கு நாள் தாங்கும். முழுக்காயாக இருந்தால் பெட்டியே வேண்டாம். காற்றோட்டமான மூலையில், வெறுந்தரையில் வைக்காமல் வைக்கோலோ சாக்கோ போட்டு அதன்மேல் வைத்தால் இரண்டு மூன்று மாதம் அப்படியே கிடக்கும். சுரண்டிய விதையைக் கழுவி மொட்டைமாடியில் மூன்று நாள் காய வையுங்கள். வெறும் சட்டியில் வறுத்தால் படபடவென்று வெடிக்கும், அப்போது உப்புத் தண்ணீர் தெளித்து இறக்குங்கள்.